லீவு தராத மேடம்

சென்ற மார்கழி மாதம் பிலிப்பைன்ஸ் நாட்டின் ஒரு கடலோர ஊரில் என்னைக் கொடுமைக்காரி என்று பேசிக்கொண்டார்கள். அந்த ஊரை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. அங்கே மீன் சந்தையிலும் தேவாலய வாசலிலும் பாண் கடையிலும் என் கதை அடிபட்டது. என் பெயர் அவர்களுக்குத் தெரியாது. 'கனடா மேடம்' என்றால் போதும், எல்லோருக்கும் விளங்கும். தன் குழந்தையைப் பார்க்கும் பெண்ணை யேசு பிறந்த நத்தாருக்குக்கூட வீட்டுக்குப் போக விடாதவள் அந்த மேடம்.

கடையில் யாராவது என் காலை மிதித்தால் 'சொறி' சொல்வது நான்தான். அந்தப் பெண் லீவு கேட்ட அன்றே கொடுத்தேன். கேட்டதற்கு மேலே ஏழு நாள், ஒரு முழுக் கிழமையும் சேர்த்துக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு, இவ்வளவு தாராளமாகக் கொடுத்தது 'நீங்கள் இல்லாவிட்டாலும் எங்களுக்குப் பரவாயில்லை' என்று சொன்னதுபோல ஆகிவிட்டதோ என்று குழம்பினேன். கணவர், "குடுத்தாச்சு, விடுமன்" என்றார். விட எனக்கு வராது.

எங்கள் வீடு ரொறொன்ரோவுக்கு வெளியே ஸ்ரௌவ்வில்லில், ஒரே மாதிரியான புது வீடுகளின் வரிசை ஒன்றில் இருக்கிறது. பால் முடிந்தாலும் கார் எடுக்க வேண்டும். மகளுக்கு ஒரு வயதாகி நான் வேலைக்குத் திரும்பியபோது, அவளைப் பார்த்துக்கொள்ள வந்தவர் இந்தப் பிலிப்பைன்ஸ் பெண். வேலை நாட்களில் எங்கள் பேஸ்மென்ற் அறையில் தங்குவார். என்னைவிட மூத்தவர், ஆகவே நானும் மகளும் அவரை அக்கா என்றோம். அவர் என்னை மேடம் என்றார். அப்படிக் கூப்பிட வேண்டாம் என்று எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தேன். "ஓம் மேடம்" என்றார்.

அந்த 'ஓம்' எங்களிடம் பழகியதல்ல. முன்பு ஸ்காபரோவில் யாழ்ப்பாணத்து மூதாட்டி ஒருவரைப் பல வருடங்கள் பராமரித்திருக்கிறார். அந்த அம்மாவுக்கு ஆங்கிலம் வராது, இவருக்குத் தமிழ் வராது. இருவரில் யாராவது இறங்கி வரவேண்டியிருந்தது. அந்த அம்மா இறங்கவில்லை. அதனால் அக்காவின் தமிழ் முப்பதுகளில் உள்ள என் தமிழைவிட வயதானது. கரண்டி கைதவறி விழுந்தால் "கோதாரி" என்பார். சின்ன வயதில் அந்த வசவுச் சொல்லைச் சொன்னால் எங்கள் வீட்டில் வாயில் அடி விழும். அவர் அதைச் செபம்போலச் சொல்வார். நாங்கள் பேசியது பாதி தமிழ், பாதி ஆங்கிலம். இங்கே எல்லாவற்றையும் தமிழாகவே எழுதுகிறேன்.

அக்காவுக்கு ஒரு மகள் இருக்கிறாள், பதினொரு வயது. அவளுக்கு நான்கு வயதாக இருக்கும்போது இவர் நாட்டைவிட்டுப் புறப்பட்டவர். மகளை வளர்ப்பது இவருடைய தங்கை. இடையில் ஒருமுறை நத்தாருக்குப் போயிருக்கிறார். அதன்பிறகு பேப்பர் பிரச்சினை, மூன்று வருடங்கள் கனடாவை விட்டு வெளியே போக முடியவில்லை. இப்போது பேப்பர் சரி. மகளுடையதும் சரிவந்தால் வரும் கோடையில் அவளும் இங்கே வந்துவிடலாம்.

"போனமுறை முழுக் குடும்பமும் வான் பிடிச்சு எயார்போட்டுக்கு வந்தது மேடம்," என்று ஒருநாள் உடுப்பு மடித்தபடி சொன்னார். "பெரிய பனர் எல்லாம் பிடிச்சுக்கொண்டு. என்ர பிள்ளை மட்டும் என்ர தங்கச்சிக்குப் பின்னால ஒளிச்சிட்டுது. சட்டையைப் பிடிச்ச கையை விடேல்லை. வழியில தண்ணி விடாய்ச்சுது. 'மாமா' எண்டு கூப்பிட்டாள். எங்கட பாசையில அம்மாவை அப்பிடித்தான் கூப்பிடுறது. நான் போத்திலை எடுத்து நீட்டினன். அவள் கூப்பிட்டது என்னையில்லை."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் ஏற்கெனவே மடித்திருந்த துவாயை உதறி மறுபடி மடித்தேன்.

இந்தமுறை சொல்லாமல் போய் நிற்பது என்று முடிவெடுத்தார். அவர்களுடைய நாட்டில் இது கிட்டத்தட்ட ஒரு பண்டிகைக்கால வழக்கம். வெளிநாட்டில் வேலை செய்பவர்கள் வரமாட்டோம் என்று சொல்லிவிட்டு வந்து நிற்பார்கள். சொந்தக்காரர் ஒருவர் அதைப் படம்பிடிப்பார். எனக்குப் பல காணொளிகளைக் காட்டினார். பீட்சா கொண்டுவரும் ஆள்போல வேடம் போட்ட தாய், மகனின் வகுப்பறையில் கடைசி வாங்கில் போய் உட்கார்ந்திருக்கும் தகப்பன். எல்லாவற்றிலும் சிறந்தது பெட்டிக்குள் இருந்து வெளியே வருவதாம்.

பெட்டி என்றால் கடலால் அனுப்பும் அந்தப் பெரிய அட்டைப்பெட்டி. இலையுதிர் காலம் தொடங்கியதும் அவர்களுடைய ஆட்கள் எல்லோர் வீட்டிலும் ஒன்று வாயைத் திறந்துகொண்டு நிற்கும். சோப், பற்பசை, ரின்னில் அடைத்த இறைச்சி, சொக்லேட், துவாய் என்று கிழமைக்குக் கிழமை நிரப்பி, நத்தாருக்கு முன் போய்ச்சேரும்படி அனுப்புவார்கள். அக்காவின் பெட்டி எங்கள் வோஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றது. நானும் என் பங்குக்கு விற்றமின் குளிசைகளும் ஒரு கம்பளித் தொப்பியும் போட்டேன். வெயில் நாட்டுக்கு எதற்குக் கம்பளித் தொப்பி என்று பிறகுதான் தோன்றியது. எடுத்தேன். எடுத்தால் மனம் புண்படுமோ என்று திரும்பப் போட்டேன். அக்கா பார்த்துக்கொண்டு நின்றார். "இருக்கட்டும் மேடம், அங்கயும் ஐஸ் பெட்டி இருக்கு" என்றார்.

வார இறுதியில் வந்த மாமி பெட்டியை எட்டிப் பார்த்தார். என் கணவரின் அம்மா. ஒவ்வொரு ஆவணியும் நல்லூர்த் திருவிழாவுக்கு ஊருக்குப் போய் வருபவர்.

"பிள்ளை, உவையின்ர ஊரில சோப்பும் இல்லையே?"

"உங்கட சூட்கேஸிலும் சோப்தானே மாமி கூட. நான்தானே நிறுத்துப் பார்த்தனான்."

"அது வேறை. எங்கட சனம் இஞ்சத்தைச் சோப்தான் வேணுமெண்டு கேக்குதுகள்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அதை விடும். உவ போய் அங்கயே நிண்டிட்டா என்ன செய்யப் போறீர்?"

அது எனக்குத் தோன்றாத பயம் அல்ல. ஆனால் மாமியின் வாயால் வந்தபின் அதற்கு ஒரு கதிரையும் போட்டு உட்கார வைத்ததுபோல் ஆகிவிட்டது.

ஏன் இந்தப் பெட்டி விளையாட்டு, சொல்லிவிட்டே போகலாமே என்று அக்காவிடம் கேட்டேன்.

"சொன்னா அவள் ஆயத்தமா இருப்பாள் மேடம். 'ஓடிப்போய்க் கட்டிப்பிடி' எண்டு தங்கச்சி சொல்லிக் குடுப்பாள். பிள்ளை நல்ல பிள்ளை, சொன்னதைச் செய்யும். திடுக்கிட்டா நடிக்க ஏலாதே. வாயில என்ன வருதோ அதுதான் உண்மை. என்னைக் கண்ட உடன அவளின்ர வாயில 'மாமா' எண்டு வருதோ, இல்லாட்டி ஒண்டும் வராமல் சித்தியைத் திரும்பிப் பாக்கிறாளோ, அதை நான் அறியவேணும். ரிக்கெற் போட்டு இஞ்ச கொண்டு வாறதுக்கு முதல் அறியவேணும்."

குழந்தை வளர்ப்புப் பற்றி இணையத்தில் உள்ள கட்டுரைகளில் பாதியையாவது படித்தவள் நான். அவற்றில் எதிலும் இப்படியொரு பரீட்சை இல்லை. என் மகள் பூங்காவில் தடுக்கி விழும்போதெல்லாம் நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதைத்தான் பார்ப்பேன், யார் பக்கம் திரும்புகிறாள் என்று. பெரும்பாலும் அக்கா பக்கம். என் கட்டுரைகளின்படி அது ஆரோக்கியமான அறிகுறி.

திட்டத்துக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. ஏன் இந்த நத்தாருக்கும் வரவில்லை? அக்கா தயங்கித் தயங்கிக் கேட்டார். "நீங்கள் லீவு தரேல்லை எண்டு சொல்லட்டோ மேடம்?" கொஞ்சம்கூட யோசிக்காமல் ஓம் என்றேன். யோசிக்கவேண்டிய ஒரே இடத்தில் நான் யோசிக்கவில்லை.

எங்களுக்குக் காலை என்றால் அவர்களுக்கு இரவு. நான் தேத்தண்ணி போடும் நேரம் அக்காவின் போன் சீனிப் போத்திலில் சாய்ந்து நிற்கும். அதற்குள் அந்தக் குடும்பம் முழுவதும் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். முன்பெல்லாம் நான் குறுக்கே போனால் கை காட்டுவார்கள். இப்போது என் தலை தெரிந்ததும் பேச்சு நின்றது. ஒரு வயதான அங்கிள் என்னை உற்றுப் பார்த்துவிட்டு எதையோ சொன்னார், எல்லோரும் தலையாட்டினார்கள்.

"என்ன சொல்லுறார்?" என்று பிறகு கேட்டேன்.

"பாத்தா அப்பிடித் தெரியேல்லையாம்."

அது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. அக்காவுக்கு இல்லை. "மேடம், அவையைக் கண்டு சிரிக்காதேங்கோ. 'குட் மோர்னிங்' சொல்லாதேங்கோ. லீவு தராத ஆள் அப்பிடிச் சொல்லாது." மறுநாள் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு குசினிக்குள் போனேன். மகள் என் முகத்தைப் பார்த்துவிட்டு அழத் தொடங்கினாள். அக்கா அவளைத் தூக்கித் தேற்றினார். போனுக்குள் இருந்த குடும்பம் அதையும் பார்த்தது. குழந்தையே பயப்படுகிற மேடம்.

அக்கா புறப்படுவதற்கு முதல் கிழமை, வேலைக்கு நடுவில், தெரியாத இலக்கத்திலிருந்து எனக்கு ஒரு செய்தி வந்தது. அவருடைய மகள். அவசரத்துக்கென்று நான் சித்தியிடம் கொடுத்து வைத்திருந்த இலக்கத்தை எடுத்திருக்கிறாள். கவனமான பள்ளிக்கூட ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள்.

'மேடம், தொந்தரவுக்கு மன்னிக்கவும். என் அம்மா உங்களோடு இருக்கிறார். நத்தாருக்கு ஒரு கிழமை மட்டும் அவரை அனுப்ப முடியுமா? உங்கள் பாப்பாவுக்கு நான் படம் வரைந்து அனுப்புவேன். போனமுறை அம்மா வந்தபோது நான் சின்னப்பிள்ளை, சரியாகக் கதைக்கவில்லை. இந்தமுறை கதைப்பேன். கட்டாயம் திருப்பி அனுப்புவோம்.'

அலுவலகக் கூட்டத்தில் யாரோ என்னைக் கேள்வி கேட்டார்கள். 'மியூட்'டில் இருக்கிறேன் என்று பாவனை செய்தேன்.

'அனுப்ப முடியாது' என்று எழுதினேன். ஒரு பிள்ளைக்கு அப்படி எழுதக்கூடாது, அழித்தேன். 'கவலைப்படாதே' என்று எழுதினேன். அது காட்டிக்கொடுத்துவிடும், அழித்தேன். பதில் போடாமலே விடலாம் என்றால், பார்த்துவிட்டேன் என்று அங்கே காட்டும். மத்தியானம் முழுவதும் எழுதி அழித்து, கடைசியில் ஒன்றை அனுப்பினேன். 'அன்புள்ள பிள்ளை, உன் அம்மா மிகவும் நல்லவர். லீவைப் பற்றி உன்னிடம் எதுவும் சொல்லக்கூடிய நிலையில் நான் இல்லை. தயவுசெய்து என்னிடம் கேட்க வேண்டாம். குளிர்பானம் அதிகம் குடிக்காதே. நத்தார் வாழ்த்துகள்.'

குளிர்பானத்தை ஏன் எழுதினேன் என்று இன்றுவரை எனக்கே தெரியாது. உடனே மறுமொழி வந்தது. 'மிக்க நன்றி மேடம்!!!'

வேலையால் வந்த கணவரிடம் காட்டினேன். ஒன்றையும் வெளிவிடாமல் சமாளித்துவிட்டேன் என்ற நினைப்போடுதான் காட்டினேன். அவர் இரண்டுதரம் வாசித்தார்.

"லீவு குடுக்காத ஆள் உப்பிடி எழுதுமே? 'இல்லை' எண்டு ஒரு சொல்லு, அவ்வளவுதான். உமக்குப் பொய் சொல்லவும் தெரியாது, சொல்லாமல் விடவும் தெரியாது."

"நான் ஒண்டுமே சொல்லேல்லையே!"

"அதைத்தான் சொல்லுறன். ஒண்டும் சொல்லாமல் இருக்கிறதுக்கு உவ்வளவு எழுதுவினமே?"

அக்காவிடம் சொல்ல வாயெடுத்த ஒவ்வொரு முறையும் அவர் எதையாவது ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். மகளின் விளையாட்டுச் சாமான் பெட்டிக்குள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, எவ்வளவு நேரம் தாங்கும் என்று பார்த்தார். ஊரில் தங்கையின் கணவர் மட்டும் கூட்டாளி. பெட்டியில் வந்த சாமான்களை இறக்கிவிட்டு, வெறும் பெட்டியை அவர் ஒளித்து வைத்திருந்தார். அவரே விமான நிலையத்துக்குத் தனியாக வருவார். வீட்டுப் படலைக்கு வெளியே இவரைப் பெட்டிக்குள் இருத்தி, பிந்தி வந்த இரண்டாவது பெட்டி என்று உள்ளே தள்ளிக்கொண்டு போவார்.

மிசிசாகாவுக்கு, விமான நிலையத்துக்கு, நான்தான் காரில் கொண்டுபோனேன். நெடுஞ்சாலையில் நின்று நின்று போன நெரிசலில், ஸ்ரியரிங்கைப் பார்த்தபடி சொன்னேன்.

"அக்கா, உங்கட மகள் எனக்கு எழுதினவ."

"என்ன சொன்னீங்கள்?"

"ஒண்டும் சொல்லேல்லை."

"எப்பிடி ஒண்டும் சொல்லேல்லை?"

போனை எடுத்துக் கொடுத்தேன். வாசித்தார். முதலில் மகள் எழுதியதை, நெடுநேரம். பிறகு நான் எழுதியதை. வைப்பர் இரண்டு மூன்று தரம் பனியைத் தள்ளியது.

"அவள் கெட்டிக்காரி மேடம்," என்றார் கடைசியில். "கணக்கில முதலாம் ஆள்."

"ஒருவேளை விளங்கியிருக்காது."

"விளங்கியிருக்கும். இனி ஓடி வந்து கட்டிப்பிடிப்பாள். அழுவாள். எல்லாம் சரியாச் செய்வாள்." போனைத் திருப்பித் தந்தார். "எனக்குத்தான் அது உண்மையோ எண்டு தெரியாமப் போகும்."

கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். புறப்படும் வாசலில் என்னைக் கட்டிப்பிடித்து, பிள்ளைக்குப் பால் கொஞ்சம் சூடாகக் கொடுக்கும்படி சொல்லிவிட்டுப் போனார். வீடு வரும்வரை மன்னிப்புக் கேட்டு ஒரு செய்தியை மனதுக்குள் எழுதி அழித்துக்கொண்டு வந்தேன். இனிமேல் செய்தி எழுதுவதே ஆபத்து என்று, அனுப்பாமல் விட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் காணொளியில்தான் பார்த்தேன். மணிலாவில் இறங்கி வெளியே வரும்போது, சொன்னபடி தங்கையின் கணவர் மட்டும் நின்றார். அக்கா பிறகு சொன்னார், அவருக்குப் பின்னால் மகள் நிற்கிறாளா என்று எட்டிப் பார்த்தாராம். பிள்ளைக்குத் தெரியும், தெரிந்தும் வரவில்லை. ஓடி வந்து நடிப்பாள் என்று பயந்தவருக்கு, நடிக்கக்கூட வரவில்லையே என்றிருந்ததாம்.

காணொளி வான் தரிப்பிடத்தில் தொடங்குகிறது, சொந்தக்காரர் யாரோ மறைந்து நின்று எடுக்கிறார். அக்கா தள்ளுவண்டியோடு வருகிறார். எங்கள் ரொறொன்ரோக் குளிருக்குப் போட்ட ஜக்கெற்றைக் கையில் சுருட்டி வைத்திருக்கிறார். முகம் சோர்ந்திருக்கிறது. தங்கையின் கணவர் பின்கதவைத் திறக்கிறார். உள்ளே அந்தப் பெரிய அட்டைப்பெட்டி, அதன் ஒரு பக்கத்தில் எங்கள் முகவரி என் கையெழுத்தில். இதை ஏன் இங்கே கொண்டுவந்தாய், வீட்டு வாசலில் அல்லவா வேண்டும் என்று இவர் அவரை ஏசுகிறார். சூட்கேஸ் வைக்க இடமில்லை, ஒரு கையால் பெட்டியைத் தள்ளிப் பார்க்கிறார். அசையவில்லை. குனிந்து மூடியைத் திறக்கிறார்.

உள்ளே மகள். என் கம்பளித் தொப்பியைப் போட்டுக்கொண்டு, முழங்கால் நாடியில் இடிக்க, மடங்கி உட்கார்ந்திருக்கிறாள். மூடி திறந்ததும் இரண்டு கைகளையும் உயர்த்தி வாயைத் திறக்கிறாள்.

அதே கணத்தில் அக்கா, அவருடைய ஊரும் சனமும் கேட்க, அடித்தொண்டையால் கத்துகிறார்.

"ஐயோ கோதாரி!"

வானின் முன் இருக்கைகளுக்குக் கீழே ஒளிந்திருந்த குடும்பம் முழுவதும் எழும்பிக் கூச்சல் போடுகிறது. அந்தக் கூச்சலில் காணொளி முடிகிறது. மகளின் வாய் அசைந்தது தெரிகிறது. என்ன சொன்னாள் என்பது கேட்கவில்லை. அதை நான் சத்தத்தைக் கூட்டி வைத்து, ஹெட்போன் போட்டு, திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் கேட்டது கோதாரிதான்.

தாங்க முடியாமல் அக்காவை அழைத்தேன். "அவ என்ன சொல்லிக் கூப்பிட்டவ?"

"எனக்குக் கேக்கேல்லை மேடம்."

"பிறகு அவவிட்டைக் கேக்கேல்லையே?"

"எங்க கேக்கிறது? அவளுக்குக் கால் விறைச்சுப்போச்சு. அவ்வளவு நேரமும் அதுக்குள்ள இருந்திருக்கிறாள். எழும்ப ஏலாது, அழுறாள், சிரிக்கிறாள். நான்தான் தூக்கி வெளியில எடுத்தனான். என்ன பாரம் மேடம்! என்ர இடுப்புப் போச்சு." பின்னால் யாரோ எதையோ சொல்லிச் சிரிப்பது கேட்டது. "வீட்டில இப்ப எல்லாரும் கோதாரி சொல்லுகினம். சேர்ச்சில சொல்லவேண்டாமெண்டு சொல்லி வைச்சிருக்கிறன்."

என்னைப் பற்றி அங்கே இப்போது என்ன நினைக்கிறார்கள் என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. அவர்களாகவே சொல்லியனுப்பினார்கள். என் செய்தியைப் படித்ததும் மகள் சித்தப்பாவைப் பிடித்து முழுத் திட்டத்தையும் கறந்துவிட்டாளாம். மேடமும் கூட்டாளிதானாம், எவ்வளவு சாதுரியமாகத் துப்புக் கொடுத்தார் என்று புகழ்கிறார்களாம். கொடுமைக்காரியாக இருந்ததைப்போலவே இதற்கும் நான் ஒன்றும் செய்யவில்லை.

அந்த மாதம் முழுவதும் நானும் கணவரும் மாறிமாறி லீவு போட்டு மகளைப் பார்த்தோம். விழுந்தால் "அக்கா" என்று அழுவாள், நான் ஓடிப்போவேன், என்னைப் பார்த்து இன்னும் கொஞ்சம் அழுவாள். பால் சூடு போதாது. அவளைச் சமாதானப்படுத்த அந்தக் காணொளியைப் போட்டுக் காட்டுவேன், அக்கா வருகிறார் பார் என்று. நாளுக்குப் பலமுறை பார்த்தாள். அக்கா அங்கேயே நின்றுவிடுவாரோ என்று மாமி கிழமைக்கு ஒருமுறை நினைவூட்டினார். ஆனால் அக்கா கோடைக்கு இரண்டு கட்டில் போடக்கூடிய வாடகை அறை ஒன்றை யூனியன்வில் பக்கத்தில் பார்த்து வைக்கும்படி எழுதியிருந்தார். பெட்டியில் இருந்தவள்தான் ஜன்னல் உள்ள அறையாகக் கேட்டாளாம்.

தை மாதத்தில் அவரைக் கூட்டிவர மகளோடு போனேன். வருகைப் பகுதியில் எங்கள் ஆட்களும் நிறைய நின்றார்கள். கொழும்பிலிருந்து வருபவர்களுக்காக ஒரு குடும்பம் பலூனோடு காத்திருந்தது. கதவு திறந்து அக்கா வந்தார். மகள் அவரைக் கண்டாள். கண்டதும் என் கோட்டுக்குப் பின்னால் ஒளிந்து, துணியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

என் கோட்டை. என் மகள். ஒரு நிமிடம் எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்பதை இங்கே எழுதாமல் விடுகிறேன். பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்தேன்.

அவர் கூப்பிடவில்லை, கையை நீட்டவில்லை. தள்ளுவண்டிக்குப் பின்னால் மெதுவாகக் குந்தி, சூட்கேஸ்களுக்கு மேலே இருந்த மாம்பழ வத்தல் பெட்டியால் முகத்தை மறைத்துக்கொண்டார். மகள் கோட்டின் விளிம்பால் எட்டிப் பார்த்தாள். ஓரடி வைத்தாள். இன்னும் ஓரடி. பெட்டியைத் தட்டினாள். அக்கா பெட்டியை விலக்கினார்.

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். வாயில் என்ன வருகிறதோ அதுதான் உண்மை.

"கோதாரி!" என்று என் மகள் அந்த மண்டபம் முழுவதும் கேட்கக் கத்திக்கொண்டு அவர் கழுத்தைக் கட்டிப்பிடித்தாள்.

பலூன் வைத்திருந்த குடும்பம் மொத்தமாகத் திரும்பியது. அதில் வயதான ஒரு அங்கிள், பிள்ளையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், கடைசியாகத் தாய் யார் என்று சரியாகவே கண்டுபிடித்து என்னைப் பார்த்தார்.

"பிள்ளை, தமிழ் நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்கிறீர்," என்றார்.

"ஓம் அங்கிள்," என்றேன்.